பொட்டு வைத்த ஆசிட் தொட்டி

சங்கரன்கோவில்,
6.10.2025

அன்புள்ள அத்தானுக்கு,

யோகலட்சுமி எழுதிக்கொண்டது. கோமதியம்மாள் புண்ணியத்தில் நானும் பிள்ளையும் சுகம். உங்கள் இடுப்புவலி எப்படி இருக்கிறது? அந்த எண்ணெயைத் தேய்க்கிறீர்களா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

போன் இருக்கும்போது எதற்குத் தாளும் பேனாவும் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. நீங்கள் மஸ்கட் ரூமில் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பது ஜெபத்துரை. அவர் நம் பட்டறைப் பிரின்ஸின் சித்தி மகன். நான் இங்கே தும்மினால் அரை மணி நேரத்தில் பிரின்ஸ் வீட்டில் அதற்கு மருந்து அரைப்பார்கள். அதனால்தான் லீவு முடிந்து அங்கே வருகிற கோகுல் கையில், புளிக்காய்ச்சல் டப்பாவுக்கு அடியில் வைத்து இதை அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போடுங்கள். ஜெபத்துரை கண்ணில் படக்கூடாது.

விஷயம் பிரின்ஸைப் பற்றித்தான். ஒன்பது வருடமாக இருக்கிறான், உங்கள் கையில் தொழில் படித்தவன், நீங்கள் போன இந்த ஒன்றரை வருடமாகப் பட்டறையை அவன்தான் பார்க்கிறான். எல்லாம் சரி. ஆனால் நம்ப நட, நம்பி நடவாதே என்று சும்மா சொல்லி வைக்கவில்லை.

தாஹா பாய் பருப்பு மில்லில் சல்லடைகளைத் தாங்குகிற பட்டை ஸ்பிரிங் இருநூறு கேட்டிருந்தார், தீபாவளிக்கு முன்னால் வேண்டும் என்று. வேலை ஒன்றும் புதிதில்லை. கோயம்புத்தூரிலிருந்து வருகிற பட்டைகளை ஆசிட்டில் போட்டுத் துரு எடுக்க வேண்டும், ஜிங்க் பூச வேண்டும், ஓவனில் நாலு மணி நேரம் சுட வேண்டும். பூசின சாமானை எதற்குச் சுடுகிறோம் என்று உங்களிடம் ஒருதடவை கேட்டேன். அது அப்படித்தான் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டீர்கள். சரி, அதை விடுங்கள். நூற்று நாற்பது முடிந்துவிட்டது. ஆயுதபூசை அன்று காலையில், கடைசி அறுபதையும் பட்டறைப் பையன் அருண்குமார் ஆசிட் தொட்டியில் போட்டுவிட்டு, நல்ல நேரம் தப்பிவிடும் என்று குளித்துவிட்டு வந்து பூசையில் நின்றுவிட்டான். நானும் தொட்டி, மோட்டார், ஓவன் என்று ஒன்றுவிடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சூடம் காட்டினேன்.

பூசை முடிந்து பொரிகடலை கொடுக்கும்போது பிரின்ஸ் வந்து நின்றான். "மைனி, தொட்டியில கெடக்க அறுபதையும் எடுத்து தண்ணியில போட்டுருதேன்" என்றான். எனக்கு வந்ததே கோபம். பொட்டு வைத்தாயிற்று, நாளைக்கு மறுபூசை முடிந்துதான் தொடவேண்டும், வேதக்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது என்று நாலு பேர் முன்னாலேயே சொல்லிவிட்டேன். முகம் தொங்கிப் போய்விட்டது. ஆனால் சாயங்காலம் நான் குத்துவிளக்கு எடுக்கப் போனால், பூட்டியிருக்க வேண்டிய பட்டறை திறந்து கிடக்கிறது. உள்ளே இவன் மட்டும் தொட்டிப் பக்கத்தில் நிற்கிறான். என்ன என்று கேட்டால், சும்மா பார்த்தேன் என்கிறான். எல்லாரும் லீவில் போன நாளில் இவனுக்கு மட்டும் என்ன பார்வை?

அடுத்த நாள் மறுபூசை முடித்து ஜிங்க் பூசி ஓவனில் வைத்தான். நாலு மணி நேரத்தில் எடுக்க வேண்டியது, வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை ஓடுகிறது. என்னத்தை வறுக்கிறான், வேறு யார் வேலையையாவது நம் கரண்டில் செய்கிறானா என்று போய்ப் பார்த்தால் நம் பட்டைதான். நான் சுவிட்சை அணைத்துவிட்டேன். இரும்புக்குள்ளே வாயு ஏறியிருக்கும், இன்னும் ஒருநாள் கிடக்கட்டும் மைனி என்று கெஞ்சினான். இரும்புக்கு வாயுப் பிடிப்பா, அப்படியென்றால் பெருங்காயம் கரைத்து ஊற்று என்றேன். அருண்குமார் சிரித்தான். இவன் சிரிக்கவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கூத்து. ஒவ்வொரு பட்டையையும் நூலில் கட்டித் தொங்கவிட்டு, சாவியால் தட்டித் தட்டிக் கேட்கிறான். போனைப் பக்கத்தில் பிடித்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்கிறான். சிலதில் சாக்பீஸால் வட்டம் போடுகிறான், சிலதில் பெருக்கல் குறி. வாசலுக்குப் போய் யாரிடமோ தணிந்த குரலில் பேசுகிறான். மறுமுனையில் பெண்குரல். அவனுக்கு நிச்சயம் செய்திருக்கிற வாசுதேவநல்லூர்ப் பெண் எப்சிபா என்றால் இளித்துக்கொண்டல்லவா பேசுவான்? இவன் கணக்கு வாத்தியாரிடம் பேசுவது போல எண் எண்ணாகச் சொல்கிறான்.

எலி அம்மணமாக ஓடினால் காரணம் இல்லாமல் இருக்காது அத்தான். நல்லதைத் தட்டிப் பார்த்துப் பிரித்து வேறு எங்கோ தள்ளப் பார்க்கிறான் என்றுதான் எனக்குப் படுகிறது. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் தீபாவளியோடு கணக்கு முடித்து அனுப்பிவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் யோகா


சங்கரன்கோவில்,
14.10.2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் போன் வந்தது. கடிதம் படித்ததை அந்த ஜெபத்துரை முன்னால் காட்டிக்கொள்ளாமல் பேசினீர்களே, அதற்காக ஒரு கும்பிடு. ஆனால் அவன் அப்படிப்பட்டவன் இல்லை, அவன்மேல் கை வைக்காதே என்று சொன்னீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். கூரியரில் அனுப்புகிறேன், எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை.

சனிக்கிழமை தாஹா பாய் போன் செய்தார். இருநூறு கேட்டேன், நூற்று ஐம்பத்து நாலுதான் வந்திருக்கிறது, மீதி எங்கே என்றார். பிரின்ஸைக் கேட்டால், நாற்பத்தாறு சரியில்லை, ஒதுக்கி வைத்திருக்கிறேன், கோயம்புத்தூரில் புதிதாகச் சொல்லலாம், பத்து நாள் ஆகும் என்கிறான். எங்கே ஒதுக்கி வைத்தாய் என்றேன். சொன்னால் மில்லுக்கு அனுப்பிவிடுவீர்கள் மைனி என்றான். முதலாளி கையில் சரக்கைக் காட்ட மாட்டாராம் தொழிலாளி.

அவன் சாப்பிடப் போன நேரத்தில் நானும் அருண்குமாரும் தேடினோம். ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில் ஒரு சாக்கு. எண்ணினால் சரியாக நாற்பத்தாறு. எல்லாவற்றிலும் அந்தப் பெருக்கல் குறி. பார்வைக்குப் பளபள என்று இருக்கிறது, வளைவு இல்லை, கீறல் இல்லை. சரியில்லாத சாமானா இது? ராஜபாளையத்தில் இவனுக்கு ஒரு ஆள் இருப்பான், ஆள் வந்து எடுத்துப்போக அடையாளம்தான் அந்தக் குறி. எனக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

நானே உட்கார்ந்து, மண்ணெண்ணெய்த் துணியால் நாற்பத்தாறிலும் சாக்பீஸைத் துடைத்தேன். குட்டியானை வண்டியில் ஏற்றி அருண்குமாரை அனுப்பினேன். மூன்று மணிக்கு மில்லில் இறங்கிவிட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன் என்று தாஹா பாய் என்னைப் புகழ்ந்தார்.

பிரின்ஸ் வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். சாக்கு எங்கே மைனி என்றான். போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது, நீயும் போகலாம் என்றேன். ஒன்பது வருடத்துக்கு ஒரு பேச்சு, ஒரு சண்டை போட வேண்டாமா? இல்லை. பைக்கை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் பறந்தான். கோள் மூட்டத்தான் போகிறான் என்று எனக்குத் தெரியாதா? அவன் போய்ச் சேருவதற்குள் மில் வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, பிரின்ஸ் இப்போது எங்கள் ஆள் இல்லை, கேட்டைத் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் கேட்டில் நின்றானாம். பிறகு போய்விட்டானாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எப்சிபாவின் அம்மா ஞானபூரணம் நேற்று ஜவுளி எடுக்க வந்தவர், வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடித்தார். அடுத்த ஞாயிறு அவர்கள் வேதக்கோவிலில் முதல் கல்யாண ஓலை வாசிக்கப் போகிறார்களாம். மூன்று வாரம் வாசித்து யாரும் தடை சொல்லாவிட்டால்தான் கல்யாணமாமே, அவர்கள் முறையில். மாப்பிள்ளை எப்படி, நீங்கள்தான் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. வேலை சுத்தம், கைதான் என்று ஆரம்பித்தேன். பிறகு பெண் காரியம் ஆயிற்றே என்று நிறுத்திக்கொண்டேன். அந்த அம்மா பாதிக் காப்பியோடு தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

அருண்குமாரையும் இனிக் கவனிக்க வேண்டும். சாக்கைத் தேடும்போது ஜெனரேட்டர் பக்கம் அவன்தான் முதலில் போனான். அவனுக்கு எப்படித் தெரிந்தது?

தீபாவளிக்குப் பிள்ளைக்குச் சட்டை எடுத்தாயிற்று. உங்களுக்கும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், வந்து போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
யோகா


சங்கரன்கோவில்,
31.10.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நாலு நாளாக உங்கள் போனை எடுக்கவில்லை. கோபம் இல்லை. எடுத்தால் அழுதுவிடுவேன். அழுதால் பாதி விஷயம் அழுகையிலேயே போய்விடும். எழுதினால் முழுக்கச் சொல்லலாம்.

திங்கட்கிழமை காலையில் தாஹா பாய் மில்லில் ஒரு சல்லடை ஒருபக்கமாக இறங்கிவிட்டது. தாங்கின பட்டைகளில் மூன்று ஒன்றன்பின் ஒன்றாக முறிந்திருக்கிறது. பனவடலிசத்திரத்திலிருந்து வேலைக்கு வருகிற முத்துத்தாய் அக்கா பக்கத்தில் நின்று கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டு சல்லடைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இரண்டு எலும்பு. ஆபரேஷன் செய்து தகடு வைத்திருக்கிறார்கள். பிழைப்பே அந்தக் கையில்தான்.

செய்தி கேட்டதும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? உங்களிடம் மறைக்கவில்லை. வேலையை விட்டு நிறுத்தின ஆத்திரத்தில் பிரின்ஸ் எப்படியோ உள்ளே புகுந்து அரத்தால் அறுத்து வைத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். அங்கே ஒரு பெண் கை ஒடிந்து கிடக்கிறாள், எனக்கு அப்போதும் அதுதான் புத்தி. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.

அன்று மத்தியானம் தாஹா பாயும் அவர் மகள் ஜுவைரியாவும் பட்டறைக்கு வந்தார்கள். அந்தப் பெண் திருநெல்வேலியில் காலேஜில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறது. பாய் முறிந்த துண்டுகளை என் மேஜைமேல் வைத்தார். சத்தம் போடவில்லை. "உங்க வீட்டு சாமானத்த நம்பித்தாம்மா எம் பிள்ளைகள நிறுத்துனேன்" என்றார். அதற்கு அவர் என்னை அடித்திருக்கலாம்.

ஜுவைரியா சல்லடைகளிலிருந்து கழற்றின பட்டைகளைக் கொண்டுவந்திருந்தது. நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சாவியால் தட்டியது. பிரின்ஸ் செய்த அதே கூத்து. ஒன்று தட்டினால் நான் மனதுக்குள் ஒன்பது எண்ணுகிற வரைக்கும் ரீங்காரம் நின்றது. அடுத்ததைத் தட்டியது. நாலு எண்ணுவதற்குள் அடங்கிவிட்டது. இரண்டும் ஒரே அளவு, ஒரே பளபளப்பு. என் காதுக்கே தெரிந்தது அத்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் என் காதை ஒரு நிமிடம் கொடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அந்தப் பெண் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். இரும்பை ஆசிட்டில் போட்டால் துரு மட்டும் போகாதாம். அங்கே ஹைட்ரஜன் உண்டாகி, அதில் கொஞ்சம் இரும்புக்குள்ளேயே கரைந்துவிடுமாம், தண்ணீரில் உப்புக் கரைகிற மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, எடையிலும் தெரியாது. ஆனால் இரும்பின் விறைப்பு மயிரிழை அளவு தளரும். தட்டினால் எழும்புகிற அதிர்வு முழுசாக வெளியே வராமல் கொஞ்சம் உள்ளேயே தேய்ந்துபோகும். நம் பட்டை மாதிரி கெட்டிப்படுத்தின இரும்பு என்றால் மோசம். பாரம் ஏற்றின அன்று ஒன்றும் ஆகாது, நாள் கழித்துத் திடீரென்று முறியும். காதுக்கே கேட்கிற அளவு சத்தம் மழுங்கியது என்றால் உள்ளே சின்னச் சின்ன வெடிப்பும் தொடங்கியிருக்குமாம். ஓவன் எதற்கு என்றும் அன்றுதான் தெரிந்தது. கரைந்ததை வெளியேற்றத்தான். பூசின உடனே போதிய நேரம் சுட்டால் போய்விடும். வெடிப்பு விழுந்த பிறகு சுட்டு என்ன பயன்? ஒன்றரை வருடம் அந்த ஓவனைக் கட்டி ஆண்டிருக்கிறேன். நீங்களும் சொல்லவில்லை, நானும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

பிறகு ஜுவைரியா தன் போனைத் திறந்து காட்டியது. பிரின்ஸ் அனுப்பின பதிவுகள், அறுபது, நம்பர் போட்டு. அன்று அவன் தணிந்த குரலில் பேசினது இந்தப் பெண்ணிடம்தான். மில்லில் மெஷின் சத்தத்தை வைத்துப் பழுது கண்டுபிடிக்க அது ஒருதடவை வந்தபோது பிரின்ஸ் பார்த்திருக்கிறான், அதனால் கேட்டிருக்கிறான். பதினாலு தேறும், நாற்பத்தாறை எந்தக் காரணம் கொண்டும் மாட்டவேண்டாம் என்று அதுதான் சொல்லியிருக்கிறது. சரி என்று பதில் போட்டிருக்கிறான். சரக்கு வெளியே போகாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றானாம். அந்தத் தைரியத்தில் அது அப்பாவிடம் சொல்லாமல் இருந்துவிட்டது. அன்று கேட்டிலிருந்து இரண்டு தடவை போன் செய்திருக்கிறான், அது வகுப்பில் இருந்திருக்கிறது. மறுநாள் திரும்பக் கூப்பிட்டால் அவன் போன் அணைந்திருந்தது. பாய் நம்பரை அவன் கூப்பிட்டானா என்று கேட்டேன். கூப்பிட்டான் என்றார் பாய். வாட்ச்மேனிடம் நீங்கள் சொன்னதை நம்பி நான்தான் எடுக்கவில்லை என்றார்.

ஜுவைரியா கடைசியாக ஒன்று கேட்டது. பட்டை ஆசிட்டில் எவ்வளவு நேரம் கிடந்தது, சாதாரணமாகக் கிடந்தால் இவ்வளவு ஏறாதே என்று. பிரின்ஸிடம் கேட்டபோது, "என் கவனக்கொறவு, எடுக்க மறந்துட்டேன்" என்று சொன்னானாம்.

அத்தான், அவன் மறக்கவில்லை. எடுக்கிறேன் என்று வந்து நின்றான். பொட்டு வைத்தாயிற்று, தொடாதே என்று நான்தான் சொன்னேன். ஒரு பகலும் ஒரு இரவும் கிடந்தது. சாயங்காலம் அவன் தொட்டிப் பக்கத்தில் தனியாக நின்றானே, எடுத்திருந்தால் எனக்கு என்ன தெரியப் போகிறது? எடுக்கவில்லை. நம் பூசைக்கு மரியாதை கொடுத்துப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றிருக்கிறான். பிறகு பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டான். பாயிடமும் அந்தப் பெண்ணிடமும் அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். அருண்குமார் தலையைக் குனிந்துகொண்டான். அந்த ஓவனையும் அணைத்தது நான், சாக்பீஸைத் துடைத்தது நான், கேட்டைப் பூட்டச் சொன்னது நான். குங்குமம் அந்தத் தொட்டியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அம்மன் என்ன, இரும்பை ஊறப்போடு என்றா கேட்டாள்?

ஆஸ்பத்திரிக்குத் தினமும் போகிறேன். முத்துத்தாய் அக்கா கை சரியாகும் வரை சம்பளமும் மருந்தும் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். கோமதியம்மாள் கோவிலில் அவருக்காக நேர்ந்து கை உரு ஒன்று வாங்கி உண்டியலில் போட்டேன். தகரக் கை அத்தான், விரல் ஐந்தும் நேராக இருந்தது.

புதன்கிழமை பிரின்ஸ் வீட்டுக்குப் போனேன். வீட்டில் யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. வா என்றும் சொல்லவில்லை. முதல் ஓலை வாசிக்கவே இல்லையாம். பெண் வீட்டார் இப்போது வேண்டாம் என்று பாதிரி ஐயரிடம் சொல்லிவிட்டார்களாம். காரணம் கேட்டதற்கு ஞானபூரணம் அம்மா, சொல்லத் தெரியவில்லை, மனசுக்குச் சரிப்படவில்லை என்றாராம். சொல்லத் தெரியாதது என்ன? என் வாயில் பாதியில் நின்ற சொல்தான். முழுக்கத் திருடன் என்று சொல்லியிருந்தால், இல்லை என்று அவன் நிரூபித்திருப்பான். பாதிச் சொல்லை என்னத்தைக் கொண்டு நிரூபிப்பான்?

பிரின்ஸ் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "முத்துத்தாய் அக்காவுக்கு எலும்பு கூடிருமா மைனி?" என்றான். கூடிவிடும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசுதேவநல்லூர் போகிறேன். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போன அந்த அம்மா முன்னால் உட்கார்ந்து, மீதியைச் சொல்லப் போகிறேன். ஐயரிடமும் சொல்வேன். நான் சொன்னால் நம்புவார்களா என்று தெரியவில்லை. ஒருதடவை சந்தேகத்தைச் சொன்ன வாய் இது. அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நமக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் இவ்வளவு கெஞ்சி உங்களிடம் எதுவும் கேட்டதில்லை.

இந்தக் கடிதத்தைக் கிழிக்க வேண்டாம். டப்பாவுக்கு அடியில் வைக்காமல், ரூமில் எல்லாரும் இருக்கும்போது எடுத்து, பக்கத்துக் கட்டிலில் இருக்கிற ஜெபத்துரை தம்பியிடம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் உரக்க வாசித்துக் காட்டுங்கள். எங்கெங்கே நான்தான் என்று எழுதியிருக்கிறேனோ அங்கெல்லாம் சத்தம் குறையாமல் வாசியுங்கள். பிறகு அவர் ஊருக்குப் போன் போடட்டும்.

இப்படிக்கு,
யோகலட்சுமி